நானூறு மீட்டருக்குக் கீழே ஒரு வாக்கு

எங்கள் தொகுதி உறுப்பினர் ஒக்டாவியன் பர்லியா மன்றத்தில் எந்தச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தார் என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு குடிமகனுக்கும் முழு உரிமை உண்டு. எங்கள் ஊர் கொஸ்டேனியில் அந்த உரிமையைப் பயன்படுத்திப் பார்த்தவன் ஒருவன்தான். அவன் பெயர் அங்கெல். நிலக்கரிச் சுரங்கத்தில் துளை போடுகிறவன். எனக்கும் அவனுக்கும் ஒரே ஷிப்டு.

அவனுக்கு அந்த ஆசை வந்தது அறிவுத் தாகத்தால் அல்ல, நுரையீரலால். இத்தனை வருடத் தூசி உள்ளே கல்லாகப் படிந்துவிட்டது. சுரங்க ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை வருஷம் கீழே இறங்கணும்?"

"சட்டப்படி ஏழு, டாக்டர்."

டாக்டர் படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு உறைக்குள் போட்டார்.

அந்த ஏழு வருடத்தை வெட்டிவிட ஒரு சட்டம் மன்றத்துக்கு வந்திருந்தது. தூசி நோய் பிடித்தவனுக்கு உடனே முழு ஓய்வூதியம். முதல் வாக்கெடுப்பில் அது தோற்றது. இரண்டாவதும் கடைசியுமான வாக்கெடுப்பு டிசம்பரில். இடையில் ஒரு நாள் பர்லியா ஊருக்கு வந்து, தொழிலாளர் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வயிற்றுக்கறி சூப்பில் ரொட்டியை முக்கிக்கொண்டே, "நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், நான் ஆதரிச்சேன்" என்றார். நெஞ்சைத் தொட்டுத்தான் சொன்னார். சூப்பு சட்டையில் ஒட்டிக்கொண்டது.

"நெஞ்சு சரி. கை என்ன பண்ணுச்சுன்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்று அங்கெல் தலைநகரத்துக்கு ரயிலேறினான். துணைக்கு நான்.

மன்றத்தின் வெளிப்படைத்தன்மை அலுவலகம் முழுக்கக் கண்ணாடியால் கட்டியது. உள்ளே மேசை தெரிந்தது, பூச்சாடி தெரிந்தது, காப்பி குடிக்கிறவர்கள் தெரிந்தார்கள். கதவு மட்டும் தெரியவில்லை. அங்கெல் இரண்டு முறை கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்ட பிறகு, உள்ளேயிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்து பக்கவாட்டில் ஒரு சதுரத்தைத் திறந்துவிட்டார். திருமதி ஹோரெஷ். நல்ல மனுஷி. எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"பர்லியா ஐயாவோட வாக்குப் பதிவா? நீங்க பெருமைப்படணும். நாலு வருஷத்துல ஒரு வாக்கெடுப்பைக்கூட அவர் தவறவிட்டதில்லை. போன வருஷம் குடல்வால் ஆபரேஷன். அன்னிக்கும் ஆறு தடவை வாக்களிச்சிருக்கார்."

அங்கெலுக்குக் கண் கலங்கிவிட்டது. என் தொடையில் தட்டினான். "வயித்துத் தையலோட வந்து ஓட்டுப் போட்டிருக்காரு பாருடா."

"எங்க சட்டத்துக்கு என்ன போட்டாரும்மா?" என்று நான் கேட்டேன்.

அவர் திரையைப் பார்த்தார். "எதிராக."

அங்கெல் இருமத் தொடங்கினான். அவன் இருமி முடிக்கும்வரை அந்த அம்மாள் மரியாதையாகக் காத்திருந்தார்.

"ஆனா அவைக்குறிப்புல திருத்தம் கொடுத்திருக்கார். 'கை தவறிவிட்டது, என் உள்ளக்கிடக்கை ஆதரவே'ன்னு."

"அப்போ ஓட்டை மாத்திட்டாங்களா?"

"போட்ட வாக்கை எப்படிங்க மாத்துறது? நாங்க உள்ளக்கிடக்கையைத்தான் பதிவு பண்ணுவோம்."

"எத்தனை பேருக்கு அன்னிக்குக் கை தவறுச்சு?"

"எதிர்த்த எல்லாருக்கும்." அவர் முகம் மலர்ந்தது. "முன்வரிசையில கொறடா உட்கார்ந்திருப்பார். அவர் கட்டைவிரல் மேலே போனா ஆதரவு, கீழே போனா எதிர்ப்பு. அன்னிக்குக் கீழே போச்சு. அத்தனை கையும் தவறிடுச்சு. வர்ற சட்டத்தையெல்லாம் உட்கார்ந்து படிக்க முடியுங்களா? ஜனநாயகத்துக்கு ஒரு விரல் போதும். ஆனா உங்க சட்டம் உள்ளக்கிடக்கை அளவுல ஏகமனதா நிறைவேறியிருக்கு. இந்த மன்றத்துல வேற எந்தச் சட்டத்துக்கும் கிடைக்காத கௌரவம். வாழ்த்துகள்."

எழுந்து இரண்டு பேருக்கும் கைகுலுக்கினார்.

திரும்பும் ரயிலில் அங்கெல் சொன்னான்: "மனுஷன் நல்லவன்தான்டா. விரல்தான் கெட்டது. அந்த விரல் கண்ணுல படாத இடத்துல அவரை உட்கார வெச்சிட்டா?"

"அப்படி இடம் எங்கடா இருக்கு?"

"நாம தினம் போற இடம்."

சுரங்கத்துக்காரனுக்குத்தான் இப்படித் தோன்றும். எங்களுக்கு ஓர் ஆள் ஓர் இடத்தில் இருக்கிறான் என்றால் அவன் உடம்பு அங்கே இருக்கிறது என்று அர்த்தம். கீழே இறங்குகிறவன் யாராக இருந்தாலும், தொழிலாளியோ மந்திரியோ, வாசலில் தன் பேர் பொறித்த பித்தளை வில்லை வாங்கிக் கழுத்தில் மாட்ட வேண்டும். வாசல் காக்கும் சவேத்தா அக்கா தன் கையால் கொடுப்பாள். மேலே வந்ததும் அவள் கையிலேயே திரும்ப வேண்டும். ஒருவன் வில்லையை இன்னொருவன் தொடமாட்டான். எங்கள் அப்பன் காலத்தில் ஒருவன் குடித்துவிட்டுப் படுத்த சிநேகிதனுக்காக அவன் வில்லையையும் சேர்த்து மாட்டிக்கொண்டு இறங்கினான். அன்றைக்கு வாயு வெடித்தது. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனைத் தேடி மீட்புப் படையில் மூன்று பேர் உள்ளே போனார்கள். மூன்று பேரும் வரவில்லை. அதற்குப் பிறகு எந்த அம்மாவும் கொஸ்டேனியில் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் வேலைக்கு அனுப்புவதில்லை.

டிசம்பர் நாலு, புனித வர்வாரா நாள். சுரங்கத்தைக் காப்பவள் அவள். வருடா வருடம் அன்றைக்குப் பர்லியா தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கீழே இறங்குவார், படம் எடுத்துக்கொள்வார். அந்த வருடம் அதே நாளில் மத்தியானம் வாக்கெடுப்பு. வரமாட்டார் என்றுதான் பயந்தோம். காலையிலேயே வந்துவிட்டார்.

"அவருக்கும் விரலைப் பார்க்கப் பிடிக்கலை போலிருக்கு" என்றான் அங்கெல் மெதுவாக.

சவேத்தா அக்கா வில்லையை நீட்டினாள். "குனியுங்க, உறுப்பினர் ஐயா. இது மாலை இல்லை, உசுரு. தொலைச்சா நானே உங்களைத் தேடிக்கிட்டு வருவேன்."

"நீ வர்றதா இருந்தா தொலைக்கலாமே அக்கா!" என்று பர்லியா சிரித்தார். படமெடுப்பவன் எடுத்தான். ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு கீழே இறங்கியது.

நானூறு மீட்டர் ஆழத்தில், சுவரில் செதுக்கிய மாடத்தில் வர்வாரா படத்துக்கு விளக்கேற்றிக் கும்பிட்டோம். படமெடுத்தவன் வேலை முடிந்ததும் மேலே போய்விட்டான். அவன் போன பிறகு கூண்டு "பழுதானது". மேலே இயந்திரம் ஓட்டுகிறவன் அங்கெலின் மைத்துனன்.

"ஐயா, கொஞ்சம் நேரமாகும் போல" என்றான் அங்கெல். ஓர் உறுப்பினரைப் பாதாளத்தில் பிடித்துவைத்தால் எத்தனை வருடம் உள்ளே போடுவார்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. பர்லியா கடிகாரத்தைப் பார்த்தால் என்ன சொல்வது, கத்தினால் என்ன செய்வது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் எப்படித் தூக்குவது என்றெல்லாம் பேசிவைத்திருந்தோம்.

அவர் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. மரக்கட்டைமேல் உட்கார்ந்து, நாங்கள் கொடுத்த பன்றிக்கொழுப்பையும் வெங்காயத்தையும் ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டார். "அவசரமில்லை தம்பிகளா. நிதானமா சரிபண்ணுங்க. இங்க என்ன அமைதி!" என்றவர், சுவரில் சாய்ந்து குறட்டை விட்டார்.

வாக்கெடுப்பு நேரம் வந்தது. நாங்கள் பத்துப் பதினைந்து பேர் விளக்கோடு சுற்றி நின்று, எங்கள் சட்டத்துக்கு எதிராக வாக்களிக்க முடியாமல் தூங்கிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கெல் இருமல் வராமலிருக்க வாயில் துண்டைத் திணித்திருந்தான். அவர் விழித்துவிடக் கூடாதாம்.

மேலே வந்தபோது வாசலில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. ஆதரவும் எதிர்ப்பும் சரிக்குச் சரி. சரிசமமானால் சட்டம் விழும் என்பது விதி. சட்டம் விழுந்தது. வட்டாரவாரியாக வாக்குகளை வாசித்தார்கள். "கொஸ்டேனி, ஒக்டாவியன் பர்லியா: எதிராக."

பர்லியா அப்போதுதான் கழுத்திலிருந்து வில்லையைக் கழற்றி சவேத்தா அக்கா கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் வில்லையைப் பார்த்தாள், வானொலியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கை தவறியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

நாங்கள் மனு போட்டோம். உறுப்பினர் அந்த நேரத்தில் எங்களோடு கீழே இருந்தார். ஆகையால் அந்த ஒரு எதிர்ப்பு வாக்கு செல்லாது. ஆகையால் சட்டம் ஒரு வாக்கில் ஜெயித்தது. இதைவிட எளிய கணக்கு உலகத்தில் இல்லை. மன்றம் அதை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டு, உண்மையறியும் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் சில்வெஸ்த்ரு. மன்றத்தில் பர்லியாவுக்குப் பக்கத்து இருக்கைக்காரர்.

குழுவின் அறையில் ஏழு நாற்காலி. நான்கில் ஆள் இருந்தது. ஒவ்வொரு நாற்காலி முன்னாலும் ஒரு பொத்தான், அதன் பக்கத்தில் செருகிய ஓர் அட்டை, அந்த உறுப்பினரின் பேரில். அங்கெலை நடுவில் நிறுத்தினார்கள். நான் சுவரோரம்.

"எங்களிடம் இரண்டு சான்றுகள் இருக்கின்றன" என்று சில்வெஸ்த்ரு தொடங்கினார். "மன்றத்தில் பர்லியாவின் அட்டை. சுரங்கத்தில் பர்லியாவின் வில்லை. இரண்டும் ஒரே நேரம். இதுல எது மனுஷன்?"

"மனுஷன்தாங்க மனுஷன்" என்றான் அங்கெல். "என் முன்னால உட்கார்ந்து வெங்காயம் தின்னாரு."

"அது உங்க பார்வை. தம்பி, மன்றம்ங்கிறது ஆட்கள் இல்லை, பதிவு. ஆள் வருவான், போவான், தூங்குவான். பதிவு ஒண்ணுதான் எப்பவும் முழிச்சிருக்கு. நான் பதினாறு வருஷமா உறுப்பினர். அதுல பாதி நாள் எங்கே இருந்தேன்னு எனக்கே தெரியாது. பதிவைப் பார்த்துத்தான் தெரிஞ்சிக்குவேன். இருந்திருக்கேன்னு போட்டிருக்கும். மனசுக்கு நிம்மதியா இருக்கும்."

ஓரமாக உட்கார்ந்திருந்த பர்லியாவைக் கேட்டார்கள். அவர் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு நான் எங்கே இருந்தேன்ங்கிறது என் தனிப்பட்ட கருத்து. அதை மன்றத்தின் மேல திணிக்க நான் விரும்பலை. பதிவுக்குத் தலைவணங்கறேன்."

நான்கு பேரும் கைதட்டினார்கள்.

பிறகு சில்வெஸ்த்ரு முன்னால் சாய்ந்து, குரலைத் தணித்தார். "அங்கெல், உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். ஏன் வம்பு? உங்க ஆள் ஒருத்தன் விளையாட்டா பர்லியா ஐயா பேரில் வில்லையை மாட்டிக்கிட்டு இறங்கிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எல்லாரும் சாப்பிடப் போகலாம். அடுத்த வருஷம் உங்க சட்டத்தை நாங்களே அன்போட பரிசீலிக்கிறோம்."

அங்கெலின் மூச்சு சீழ்க்கை அடிப்பது சுவரோரம் எனக்குக் கேட்டது. ஒரு வார்த்தைதான். சொல்லிவிடுடா என்று எனக்கே வாய்வரை வந்தது.

"எங்க ஊர்ல வில்லையை மாத்தி மாட்ட மாட்டாங்க" என்றான் அவன்.

"இங்க இருக்கிற அட்டையைக்கூட நாங்க மாத்தி..." என்று ஆரம்பித்த ஓர் உறுப்பினர், சில்வெஸ்த்ரு பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"வாக்கெடுப்பு" என்றார் சில்வெஸ்த்ரு. மற்ற மூவரோடு தன் பொத்தானை அமுக்கினார். எழுந்து போய்க் காலி நாற்காலிகள் முன்னால் இருந்த மூன்றையும் அமுக்கினார். அதை மறைத்துச் செய்யவில்லை. ஜன்னலைச் சாத்துகிற மாதிரி செய்தார். அங்கெல் அதைக் கண் கொட்டாமல் பார்த்தான். அதுவரை அவன் நம்பியது கொறடாவின் விரலைத்தான். குடல்வால் ஆபரேஷன் நாள் அவனுக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

"ஏழு பேரும் ஏகமனதாக" என்று முடிவை வாசித்தார்கள். மன்றப் பதிவு உண்மை. சுரங்க வில்லையும் உண்மை, ஏனெனில் குழு உழைப்பாளர்களை மதிக்கிறது. எனவே அன்று பர்லியா மன்றத்தில் இருந்தார். எனவே பர்லியாவின் வில்லையோடு, பர்லியாவின் முகத்தோடு சுரங்கத்தில் இறங்கியவன் அடையாளம் தெரியாத வேறு ஒருவன். அவனை ஏப்ரல் முடிவதற்குள் பிடிக்க வேண்டும். அந்நியனைக் கீழே அனுமதித்த அங்கெல் அதுவரை வேலைநீக்கம். பிடிபடாவிட்டால் நிரந்தர நீக்கம். நிலத்தடியில் உழைத்த வருடங்கள் எதுவும் எந்த ஓய்வூதியத்துக்கும் சேராது.

படிக்கட்டில் இறங்கும்போது அங்கெல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"இல்லாத ஆளை நான் எங்கேடா போய்ப் பிடிப்பேன்?"

தேடப்படும் நபரின் அறிவிப்பு ஜனவரியில் வந்தது. படத்துக்குப் பர்லியாவே பெருந்தன்மையோடு தன்னுடைய தேர்தல் படத்தைக் கொடுத்திருந்தார். சாராயக்கடை, ரொட்டிக்கடை, சர்ச் வாசல் எல்லாவற்றிலும் அவர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். கீழே: 'இந்நபரைக் கண்டால் உடனே காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கவும்.'

எங்கள் ஊர் ஸ்டேஷனில் இருப்பவர் சார்ஜென்ட் குலிக்கா. மேலிடத்துத் தாள் என்றால் எழுந்து நின்றுதான் படிப்பார். மாற்றலாகிப் போய்விடுவோமோ என்ற பயத்திலேயே முடி கொட்டிய மனிதர். தினமும் இரண்டு தடவை அந்த முகத்தைப் பார்த்து மனப்பாடம் பண்ணினார்.

குளிர் அங்கெலை அடித்துப் போட்டது. சம்பளம் நின்றுவிட்டது. மார்ச்சில் அவன் இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்கினான். ஏப்ரலும் பிறந்தது. ஈஸ்டர் முடிந்த வாரம், கெடுவுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கையில், புதுப் பேருந்து நிறுத்தத்தைத் திறந்துவைக்கப் பர்லியா வந்தார்.

அவர் ரிப்பனை வெட்டக் கத்திரிக்கோலை எடுத்தபோது அங்கெல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் தோளில் கை வைத்தான்.

"சார்ஜென்ட்! இந்த ஆள்தான்."

குலிக்கா அறிவிப்பை விரித்தார். முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். ஓர் அடி பின்வாங்கினார். ஆனால் தாள் மேலிடத்திலிருந்து வந்தது.

"உறுப்பினர் ஐயா, மன்னிக்கணும். ஸ்டேஷனுக்கு வரணும்."

"பைத்தியமாய்யா உனக்கு? நான் பர்லியா!"

"அந்த ஆளும் அப்படித்தான் சொல்லிக்குவான்னு இதுலயே எச்சரிக்கை போட்டிருக்கு ஐயா."

ஸ்டேஷனில் குலிக்கா வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார். நானும் அங்கெலும் சாட்சிப் பெஞ்சில்.

"ஒரே கேள்விதான் ஐயா. வர்வாரா நாள்ல சுரங்கத்துக்குள்ள இறங்கினது நீங்களா, இல்லையா?"

இறங்கினேன் என்றால் மன்றத்தில் இருந்ததாகப் பதிவு சொன்னது பொய், சட்டமும் ஜெயித்துவிடும், கொறடா தோலை உரிப்பார். இறங்கவில்லை என்றால் சவேத்தா அக்காவும் பதினைந்து பேரும் வெளியே நின்றுகொண்டிருக்கிறார்கள். பர்லியா டையைத் தளர்த்தினார். நெற்றியைத் துடைத்தார்.

"நான் நடுநிலை வகிக்கிறேன்" என்றார்.

குலிக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல அதுக்கு இடமில்லீங்களே." லாக்கப்பைத் திறந்துவிட்டார்.

மறுநாள் காலை மன்றம் அவசரமாகக் கூடியது. 'கொஸ்டேனியில் காவலில் இருப்பவர் நம் உறுப்பினரே, உடனே விடுவிக்க வேண்டும்' என்று தீர்மானம். ஸ்டேஷன் வானொலியைச் சுற்றி எல்லோரும் நின்றோம். கம்பிக்குப் பின்னால் பர்லியா சவரம் பண்ணாத முகத்தோடு சிரித்தார். "பாருங்க இப்ப. மன்றம்னா என்னன்னு தெரியும் உங்களுக்கு."

அங்கெல் பெஞ்சு விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தான். இவர் வெளியே போய்விட்டால் அவனுக்கு எல்லாம் முடிந்தது.

முதலில் சில்வெஸ்த்ரு பேசினார். "நம் அருமை நண்பர் பர்லியா இதோ அவையில் இருப்பதாகப் பதிவு சொல்கிறது. காவலில் இருப்பவரும் அவரே என்று ஒப்புக்கொண்டால், என் பக்கத்து இருக்கையில் காலையிலிருந்து வாக்களிப்பது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி ஒரு நாற்காலியோடு நிற்காது. நண்பரின் தியாகத்தை மதிப்போம்."

விரல் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று வானொலியில் தெரியவில்லை. முடிவு தெரிந்தது. தீர்மானம் சரிக்குச் சரியாகி விழுந்தது. வட்டாரவாரியாக வாசித்தார்கள்.

"கொஸ்டேனி, ஒக்டாவியன் பர்லியா: எதிராக."

யாரும் சிரிக்கவில்லை. பர்லியா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

"எதிராவா? என்னை விடுறதுக்கு நானே எதிராவா? டேய் சில்வெஸ்த்ரு, நாயே! நான் ஓட்டுப் போடலை, நான் இங்க இருக்கேன்! சார்ஜென்ட், இதோ பாரு, தொட்டுப் பாரு, இங்கதானே இருக்கேன்?"

"இருக்கீங்க ஐயா" என்றார் குலிக்கா.

"அப்போ அங்க அமுக்கினது யாரு? அவன்தான்! எப்பவும் அவன்தான்! என் அட்டை அவன் மேசை டிராயர்ல கிடக்கு!"

அங்கெல் எழுந்து கம்பிக்கு அருகில் போனான். மெல்லத்தான் கேட்டான், உரக்கப் பேச அவனுக்கு மூச்சு இல்லை.

"வர்வாரா நாள்லயும் அவர்தானே?"

"அன்னிக்கும் அவன்தான்! நான் கீழே இருந்தேன்! உன்னோட இருந்தேன், வெங்காயம் தின்னேன், தூங்கினேன்! பேனாவைக் கொடுய்யா, எழுதித் தர்றேன்!"

எழுதினார். அழுத்தி எழுதியதில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்தது. நானூறு மீட்டர் ஆழத்தில் இருந்தேன் என்றும், வாக்கு என்னுடையதல்ல என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கம்பி வழியாக நீட்டினார். அங்கெல் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். குலிக்கா நின்றபடியே முழுவதையும் படித்தார். பிரதி எடுத்து முத்திரை குத்தினார். ஒன்றை மன்றத்துக்கு அனுப்பும் உறையில் போட்டார்.

"சரி, கதவைத் திற" என்றார் பர்லியா.

"எப்படி ஐயா திறக்கிறது? கீழே இறங்கின ஆளைப் பிடிக்கணும்னுதான் உத்தரவு. அது நான்தான்னு இப்ப நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க." குலிக்கா அங்கெல் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் மூன்று மாதமாக இல்லாத நிம்மதி. "ஆள் கிடைச்சாச்சு. உன் மேல இருந்த நீக்கம் ரத்து. வேலை செஞ்ச வருஷம் அத்தனையும் சேரும். சட்டம் ஜெயிச்சுதா இல்லையான்னு இந்தத் தாளை வெச்சு மன்றம் ஓட்டெடுப்பு நடத்தும்."

"அது வரைக்கும்?" என்றான் அங்கெல்.

"அது வரைக்கும் பழைய சட்டந்தான். நாளைக்கு முதல் ஷிப்டு, நீ கீழே இறங்கலாம்."